புனித ரோனன்: வரலாறு மெலிந்த புனிதரும் ஆறாண்டுக்கொருமுறை நடக்கும் சுற்றுவலமும்

தூரதேசி எழுதியது:

பிரான்சின் மேற்கு முனையில், கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கும் பிரெத்தாஞ் பகுதியில் சில ஆண்டுகளாக வசிக்கிறேன். ஆங்கில வழியில் படித்தவர்களுக்கு இது பிரிட்டனி என்று தெரிந்திருக்கும். இங்குள்ள புனிதர்களுள் பெரும்பாலோருக்கு உரோமையின் முறைப்படியான புனிதர் பட்டம் கிடையாது. 1347இல் பட்டம் பெற்ற வழக்கறிஞர் புனித ஈவ் போன்ற மிகச் சிலரை விட்டுவிட்டால், மற்றவர்கள் எல்லாரும் ஊராரின் நினைவிலும் ஊர்ப் பெயர்களிலும் மட்டும் புனிதர்களாக நிலைத்தவர்கள். அவர்களுள் ஒருவரான ரோனனைப் பற்றி இங்கே விவாதிக்கலாம் என்று தோன்றியதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். ரோனன் அயர்லாந்தில் பிறந்து, ஆயராக (பிஷப்பாக) இருந்து, உலகப் பற்றை விட்டுக் கடல் கடந்து வந்தவர். முதலில் வடமேற்கில் லெயோன் பகுதியில் ஒதுங்கினார். அங்கே அவர் பெயரால் சேன்-ரெனான் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. அங்கும் மக்கள் திரள ஆரம்பிக்கவே தெற்கே நடந்து, கோர்னுவாய் பகுதியில் நெவெத் என்னும் காட்டுக்குள் குடில் அமைத்தார். காட்டையடுத்து வாழ்ந்த ஒரு குடியானவன் அவரிடம் அடிக்கடி வந்து அறிவுரை கேட்பான். அவன் ஆட்டைக் கவ்விக்கொண்டு போன ஓநாய், துறவி செபித்ததும் ஆட்டை விட்டுவிட்டுப் போயிற்றாம்.

குடியானவனின் மனைவி கெபான். கணவன் வயலை மறந்து துறவியின் காலடியில் கிடப்பதைப் பொறுக்கமாட்டாமல், தன் சிறு மகளை ஒரு பெட்டகத்துக்குள் ஒளித்துவைத்துவிட்டு, ரோனன் இரவில் ஓநாயாக மாறித் திரிகிறவன் என்றும், தன் குழந்தையைத் தின்றுவிட்டான் என்றும் கெம்பேர் நகரில் இருந்த அரசன் கிராத்லோனிடம் போய் முறையிட்டாள். உண்மையை அறிய அரசன் இரண்டு வெறிநாய்களை ஏவினான். ரோனன் சிலுவை அடையாளம் வரைந்ததும் அவை வாலைக் குழைத்துக்கொண்டு ஒதுங்கின. பெட்டகத்தைத் திறந்து பார்த்தபோது குழந்தை மூச்சுமுட்டி இறந்து கிடந்தது. துறவி அதை உயிர்ப்பித்துக் கொடுத்தார். கெபானைக் கொல்லத் துணிந்த கூட்டத்தையும் அவரே தடுத்தார்.

ஆனாலும் அவளுடைய வாய் ஓயவில்லை. ரோனன் அந்த இடத்தை விட்டு வடக்குக் கடற்கரையில் இலியோன் என்னும் ஊருக்குப் போய் அங்கேயே இறந்தார். உடலை யார் வைத்துக்கொள்வது என்று மூன்று சிற்றரசர்கள் மல்லுக்கு நின்றதால், நுகம் பழகாத காளைகளை வண்டியில் பூட்டி, அவை போகும் இடத்திலேயே அடக்கம் செய்வதென்று முடிவாயிற்று. காளைகள் நேராக நெவெத் காட்டுக்கு வந்தன. வழியில் துணி வெளுத்துக்கொண்டிருந்த கெபான், ஆத்திரம் தீராமல் கையிலிருந்த துணி அடிக்கும் கட்டையால் ஒரு காளையை அடிக்க, அதன் கொம்பு முறிந்து விழுந்தது. உடலை அடக்கம் செய்த இடம்தான் இன்றைய லோக்ரோனான். 'லோக்' என்றால் பிரெத்தோன் மொழியில் புனித இடம். ஆக இது ரோனனின் தலம்.

இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் 2025 ஜூலையில் அங்கே நடந்தேன். நடந்த பிறகு, கதையை நான் தலைகீழாகப் படித்திருந்தேனோ என்று ஐயம் வந்துவிட்டது. அதைப் பின்னர் எழுதுகிறேன். மற்றவர்கள் முதலில் தங்கள் கருத்தைச் சொல்லலாம்.

ஏடுதேடி எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் நீங்கள் சொன்ன கதையின் வயதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ரோனன் வாழ்ந்த காலம் என்று பொதுவாக ஆறாம் நூற்றாண்டையொட்டிச் சொல்லப்படுகிறது. அவரைப் பற்றிய இலத்தீன் வாழ்க்கைக் கதையோ 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. இடையே ஏறத்தாழ எழுநூறு ஆண்டு இடைவெளி. எழுதியவர் கெம்பேர் பேராலயத்தைச் சார்ந்தவராக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து; கதையில் அரசன் கெம்பேரில் இருப்பதும், நியாயம் கெம்பேரில் வழங்கப்படுவதும் தற்செயல் அல்ல. கிராத்லோனே ஒரு பாதி நிழல் மனிதன். கடலில் மூழ்கிய ஈஸ் என்ற மாநகரத்தின் அரசனும் அவனேதான் என்பது இன்னொரு பெருங்கதை.

உறுதியான ஆவணம் என்று கேட்டால், கோர்னுவாயின் சிற்றரசன் ஆலேன் கான்யார் 1031ஐ ஒட்டி, போரில் பெற்ற வெற்றிக்கு நன்றியாகப் புனித ரோனனின் ஆலயத்தையும் அதைச் சேர்ந்த நிலத்தையும் கெம்பெர்லே நகரின் திருச்சிலுவை மடத்துக்கு எழுதிவைத்ததைச் சொல்லலாம். அதாவது வாழ்க்கைக் கதை எழுதப்படுவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே அங்கே ஓர் ஆலயம் இருந்தது. அதற்குக் கொடுக்கத் தகுந்த நிலமும் இருந்தது. மனிதரைப் பற்றிச் சான்று மங்கலாக இருக்கையில் நிலத்தைப் பற்றிய சான்று தெளிவாக இருக்கிறது.

பெயரைப் பற்றியும் ஒரு சொல். ஐரிய மொழியில் 'ரோன்' என்றால் கடல்நாய். ரோனன் என்றால் கடல்நாய்க் குட்டி. அயர்லாந்தில் இந்தப் பெயரில் துறவிகள் பலர் இருந்திருக்கிறார்கள். எனவே 'அயர்லாந்திலிருந்து வந்த ரோனன்' என்பது ஒருவரை அடையாளம் காட்டப் போதாது.

இன்னொன்றும் சுவையானது. ஆங்கிலக் கால்வாய்க்கு அக்கரையில், இங்கிலாந்தின் தாவிஸ்டாக் மடத்தில் ருமோன் என்றொரு புனிதரின் திருப்பண்டங்கள் இருந்தன. அவரைப் பற்றி எதுவும் தெரியாத அந்த மடத்தார், இந்த ரோனனின் வாழ்க்கைக் கதையை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றித் தங்கள் புனிதருக்குச் சூட்டிக்கொண்டார்கள். கதை இருந்தால் புனிதர் இல்லை, புனிதர் இருந்தால் கதை இல்லை என்ற நிலை அன்று அத்தனை சாதாரணம்.

வெண்கொக்கு எழுதியது:

இருவரும் கெபானைத் தாண்டிப் போய்விட்டீர்கள். எனக்கு அவள் மேல்தான் கண்.

கதை எழுதியவர் அவளை முழுக் கொடியவளாகக் காட்ட விரும்பினாலும், தம்மையறியாமல் அவளுக்கு ஒரு நியாயத்தையும் எழுதிவிட்டார். கணவன் உழவை விட்டுவிட்டு, வீட்டுப் பொறுப்பை மறந்து, நாள் முழுக்கக் காட்டுக் குடிலில் உட்கார்ந்திருந்தால் அடுப்பு எப்படி எரியும்? வேற்று நாட்டிலிருந்து, யாரென்று தெரியாத ஒருவர், தனியாகக் காட்டில் வாழ்கிறார். அவர் சொன்னால் ஓநாய் கேட்கிறது. ஓநாய்க்குக் கட்டளையிடுகிறவன் ஏன் ஓநாயாகவே இருக்கக்கூடாது என்று ஒரு குடியானவப் பெண் கேட்டால், அது அந்தக் காலத்தில் பைத்தியக்காரத்தனமான கேள்வி அன்று. குழந்தையைப் பெட்டகத்தில் அடைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் குற்றத்தைக் கதைக்குள் கொண்டுவந்ததே அவளுடைய முதல் கேள்வியை மறக்கடிப்பதற்காகத்தானோ என்று தோன்றுகிறது.

அவளுக்கு என்ன ஆயிற்று என்று தூரதேசி சொல்லவில்லை.

தூரதேசி எழுதியது:

வெண்கொக்கு, மன்னியுங்கள், வேண்டுமென்றே விட்டேன். ஊர் வழக்கில், காளையை அடித்த அந்த இடத்துக்கு அருகிலேயே பூமி பிளந்து அவளை விழுங்கிவிட்டது. அங்கே ஒரு கல் சிலுவை இருக்கிறது. கெபானின் சிலுவை என்றே அதற்குப் பெயர். பிரெத்தாஞ் முழுவதும் பாதையோரச் சிலுவையைக் கண்டால் தலை வணங்குவதோ சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வதோ வழக்கம். இந்த ஒன்றின் முன் மட்டும் யாரும் அப்படிச் செய்வதில்லை என்பது மரபு.

நான் போன நாள் கூட்டமில்லாத ஒரு வாரநாள். எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள், முழங்கால் வரை சேறு தெறித்த காலணியோடு, கையில் ஒரு சுள்ளியை ஊன்றிக்கொண்டு நடந்தார். மற்றச் சிலுவைகளில் எல்லாம் நின்று நின்று போனவர், இந்தச் சிலுவை வந்ததும் நடையைச் சற்றே விரைவுபடுத்தினார். பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். "அவள் மேல் எனக்குக் கோபமெல்லாம் இல்லை, எங்கள் அம்மா நிற்கமாட்டார், அதனால் நானும் நிற்பதில்லை" என்றார். நான் நின்றேனா என்று கேட்டால், நின்றேன். ஆனால் வணங்கவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

மணிக்கூண்டு எழுதியது:

இந்த விவாதத்தில் வழிபாடு எங்கே போயிற்று? நான் கத்தோலிக்கன். எங்கள் ஆலயப் பங்குப் பேரவையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு திருப்பயணக் குழுவோடு லோக்ரோனானுக்குச் சென்றிருக்கிறேன். ஆவணம், சான்று என்றே பேசிக்கொண்டிருந்தால், அங்கே மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதே தெரியாமல் போய்விடும். எனவே அதைச் சொல்கிறேன்.

ஆலயத்தை ஒட்டி, அதனுடன் உள்ளே இணைந்த ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அங்கேதான் ரோனனின் கல்லறைச் சிற்பம். 15ஆம் நூற்றாண்டு வேலை. அந்த நாட்டுக்கே உரிய கெர்சாந்தோன் என்ற கருஞ்சாம்பல் கல். ஆயர் உடையில் படுத்திருக்கும் துறவி, தம் கோலின் நுனியைக் காலடியில் இருக்கும் விலங்கின் வாயில் செருகியிருக்கிறார். அவர் படுத்திருக்கும் கற்பலகையை ஆறு வானதூதர்கள் தூண்களாக நின்று தாங்குகிறார்கள். இதனால் பலகைக்கு அடியில் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கிறது. நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் அந்த இடைவெளிக்குள் நுழைந்து மறுபக்கம் வருவார்கள். தூண்களின் விளிம்புகள் தோள்பட்டை உயரத்தில் மழமழவென்று தேய்ந்திருப்பதைக் கையால் தடவிப் பார்த்தேன். எத்தனை தோள்கள் உரசியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் நெஞ்சில் பட்டது. 1505இல் பிரான்சின் அரசியும் பிரெத்தாஞ்சின் கோமகளுமான ஆன் இந்தத் தலத்துக்கு வந்திருக்கிறார்.

அடுத்து சுற்றுவலம். துரோமெனி என்பார்கள். 'துரோ' என்றால் சுற்று. 'மினிஹி' என்றால் மடத்துக்கு உரிய, அடைக்கலம் தரும் நிலம். இரண்டும் சேர்ந்து மருவியதே துரோமெனி. ஆண்டுதோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று சிறு துரோமெனி. ஆறாண்டுக்கொருமுறை அதே ஞாயிற்றிலிருந்து மூன்றாம் ஞாயிறு வரை பெரு துரோமெனி. பெரு துரோமெனியின் பாதை ஏறக்குறைய 12 கிலோமீட்டர். அதில் 12 நிலைகள்; ஒவ்வொன்றிலும் நற்செய்திப் பகுதி வாசிக்கப்படும். இவை தவிர வழியெங்கும் கிளைகளாலும் இலைகளாலும் வேய்ந்த 44 சிறு குடில்கள். ஒவ்வொரு குடிலிலும் சுற்றுவட்டாரப் பங்குகளிலிருந்தும் சிற்றாலயங்களிலிருந்தும் கொண்டுவந்த ஒரு புனிதரின் சுரூபம். காவலுக்கு இருப்பவர் ஒரு கைமணியை ஆட்டிப் புனிதரின் பெயரைச் சொல்வார். வருகிறவர் காணிக்கை போட்டுவிட்டு, ஒரு சிறு செபம் சொல்லி நகர்வார்.

முதல் ஞாயிறும் கடைசி ஞாயிறும் பெரும் ஊர்வலம்: முன்னால் முரசு, சிலுவைகள், கனத்த பட்டுக் கொடிகள், ரோனனுடையது என்று போற்றப்படும் பழைய மணி. அண்டைப் பங்குகளின் ஊர்வலம் எதிரே வரும்போது, இரு பங்கின் சிலுவைகளும் கொடிகளும் ஒன்றையொன்று தொடும்படி சாய்த்து முத்தமிட வைப்பார்கள். கொடி தூக்குகிறவரின் கை நரம்பு புடைத்து நடுங்குவதை அருகில் நின்று பார்த்தால்தான் அதன் எடை புரியும்.

ஏடுதேடி எழுதியது:

மணிக்கூண்டு ஐயா, உங்கள் விவரிப்புக்கு நன்றி. ஆனால் வழிபாட்டை மறந்ததாக எங்கள் மேல் பழி போட வேண்டாம். வழிபாட்டின் வயதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்களும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். சுற்றுப்பாதையில், மலையின் சரிவில் ஒரு பெரிய கருங்கல் கிடக்கிறது. அதற்கு இரண்டு பெயர்கள். ஒன்று ரோனனின் நாற்காலி. மற்றது கல் குதிரை, அதிலும் பெண் குதிரை. அயர்லாந்திலிருந்து அவரைச் சுமந்து கடல் கடந்து வந்த கல்லே அது என்பார்கள். பிள்ளை வேண்டும் பெண்கள் அதில் போய் உட்காருவதோ படுப்பதோ முன்பு வழக்கம். இதை எந்த நற்செய்தியில் சேர்ப்பீர்கள்?

காட்டின் பெயரையும் கவனிக்க வேண்டும். நெவெத் என்பது கெல்திய மொழிகளில் (பிரெத்தோனும் ஐரியமும் இந்தக் குடும்பம்தான்) புனிதச் சோலையைக் குறிக்கும் 'நெமெத்தோன்' என்ற பழஞ்சொல்லின் வழி வந்தது. அதாவது ரோனன் வருவதற்கு முன்பே அந்தக் காடு வழிபாட்டுக்கு உரியதாக இருந்தது என்பதற்குப் பெயரே சான்று. இதைப் பிடித்துக்கொண்டுதான் பிரெத்தோன் இனவரைவியலாளர் தொனாத்தியேன் லோரான் ஒரு துணிச்சலான கருத்தை முன்வைத்தார். துரோமெனியின் பாதை ஏறத்தாழ நாற்கரமானது. அதில் 12 நிலைகள் உள்ளன. அந்தப் பன்னிரண்டும் கெல்தியரின் ஆண்டின் பன்னிரண்டு மாதங்கள். பாதையைச் சுற்றி வருவது ஆண்டையே சுற்றி வருவது. நிலத்தின் மேல் வரைந்த நாட்காட்டிதான் துரோமெனி என்பது அவருடைய வாதம். பாதையைக் கதிரவன் செல்லும் போக்கில், அதாவது வலமாகவே சுற்ற வேண்டும் என்ற விதியும் அதற்குத் துணையாக நிற்கிறது. எனக்கு இந்தக் கருத்து பெருமளவு ஏற்புடையதாகவே தோன்றுகிறது.

மணிக்கூண்டு எழுதியது:

பன்னிரண்டு என்றதும் மாதங்கள் நினைவுக்கு வருகிறவருக்குத் திருத்தூதர்கள் ஏன் நினைவுக்கு வரவில்லை? கிறித்தவ மடத்தார் ஒரு பாதையில் நிலைகள் அமைத்தால் பன்னிரண்டு என்று அமைப்பது இயல்பு. கல் குதிரையில் பெண்கள் உட்கார்ந்ததை நான் மறுக்கவில்லை. பங்குத்தந்தையர் அதை ஒருநாளும் பிரசங்கத்தில் பரிந்துரைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய கல்லும் பழைய பெயரும் இருந்த இடத்தில் புதிய வழிபாடு வந்தது என்பது வேறு; பழைய வழிபாடே புதிய ஆடையில் நடக்கிறது என்பது வேறு. முதலாவதற்குச் சான்று உண்டு. இரண்டாவதற்கு அழகான வரைபடம் மட்டுமே உண்டு.

மடத்துக்குரிய அடைக்கல நிலத்தின் எல்லையைத் துறவியர் ஆண்டுதோறும் நடந்து உறுதிப்படுத்தினார்கள் என்ற எளிய விளக்கம் ஏன் போதவில்லை? பெயரே அதைத்தானே சொல்கிறது.

ஏடுதேடி எழுதியது:

திருத்தூதர் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் அதை எடைபோடாமல் எழுதியது தவறுதான். எண்ணை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. நாட்காட்டிக் கருத்தை ஒரு கருத்து என்ற அளவிலேயே வைத்துக்கொள்வோம். ஆனால் எல்லை நடை என்ற விளக்கத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு: நில எல்லையைக் காப்பதற்காக மட்டும் என்றால், மடம் போய், அடைக்கல உரிமை போய், நிலமும் பலர் கைக்குப் பிரிந்துபோன பின்னும் மக்கள் ஏன் அதே கோட்டில் நடக்கிறார்கள்?

வெண்கொக்கு எழுதியது:

ஒரு சிறு ஐயம். நான் படித்த பழைய குறிப்புகளில் பெரு துரோமெனி ஏழாண்டுக்கொருமுறை என்று இருக்கிறது. இங்கே ஆறு என்கிறீர்கள். எது சரி?

தூரதேசி எழுதியது:

இரண்டும் ஒன்றுதான். 2013, 2019, 2025 என்று ஆண்டுகளை வைத்துப் பாருங்கள், இடைவெளி ஆறு. முதல் ஆண்டையும் கடைசி ஆண்டையும் சேர்த்து எண்ணும் பழைய கணக்கில் அது ஏழாகிறது. ஊர்ப் பெரியவர்கள் சிலர் இன்னும் ஏழு என்றே சொல்கிறார்கள். ரோனனே நாள்தோறும் வெறும் வயிற்றோடும் வெறுங்காலோடும் சிறு சுற்றை நடந்து, ஏழாவது நாள் பெரிய சுற்றை நடந்தார் என்ற வழிவழிக் கதையோடும் அந்த எண் பொருந்திப் போகிறது.

வெண்கொக்கு எழுதியது:

விளங்கிற்று. கெபானைப் பற்றி நான் தொடங்கியதால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். லோக்ரோனான் இன்று சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுக்கும் கருங்கல் வீடுகளின் ஊர். அந்த வீடுகளைக் கட்டிய பணம் துணியிலிருந்து வந்தது. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இங்கே சணல் நாரிலிருந்து கப்பல்களின் பாய்த்துணி நெய்து பல நாட்டுக் கப்பல்களுக்கும் விற்றார்கள். அந்தத் தொழில் நொடித்த பின் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் பழைய சதுக்கம் அப்படியே மிஞ்சியது.

இந்த ஊர் நெசவாளர்கள், நெசவைத் தங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே ரோனன்தான் என்று சொல்லிக்கொண்டார்கள். இலத்தீன் கதையில் காட்டுத் துறவியாக இருந்தவர், ஊர் நெசவில் செழித்தபோது நெசவின் குருவாகிவிட்டார். ஊருக்கு எது வாழ்வு தருகிறதோ அது புனிதர் கொடுத்ததாகிவிடுகிறது. கெபானின் கையில் துணி அடிக்கும் கட்டை இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கிறேன். துணியால் வாழ்ந்த ஊரில் புனிதரும் துணிக்காரர். அவருடைய எதிரியும் துணிக்காரி.

ஏடுதேடி எழுதியது:

அருமையான பார்வை. துணி அடிக்கும் கட்டை பிரெத்தாஞ் ஊர்களில் எல்லாப் பெண்கள் கையிலும் இருந்த பொருள்தான் என்ற எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்கிறேன்.

இதோடு சேர்த்து ஒரு துணுக்கு. இயேசுவின் வாழ்க்கையை அற்புதங்களை நீக்கிவிட்டு வரலாறாக எழுதி 1863இல் பெரும் புயலைக் கிளப்பிய எர்னெஸ்ட் ரெனான், பிரெத்தாஞ்சின் திரெகியே ஊர்க்காரர். அவருடைய குடும்பப் பெயர் இந்த ரோனனின் பெயர்தான். தம் இளமை நினைவுகளில் அவர் இந்தப் புனிதரை வாஞ்சையோடு குறிப்பிட்டு, புனிதர் என்பதைவிட மண்ணின் ஆவி போன்றவர் என்ற பொருளில் எழுதியிருக்கிறார். அற்புதங்களை மறுத்த அறிஞருக்கு, அற்புதங்களைத் தவிர வேறெதுவும் இல்லாத புனிதரிடம் அப்படி ஒரு பாசம்.

மணிக்கூண்டு எழுதியது:

அவரைப் பற்றி என் கருத்து வேறு. அதற்குத் தனி இழை வேண்டும். 'வேறெதுவும் இல்லாத' என்பதை மட்டும் மறுக்கிறேன். கெபானைக் கொல்லப்போன கூட்டத்தைத் தடுத்தார் என்று தூரதேசி முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார். அது அற்புதம் அன்று. தம்மேல் பழி சுமத்தியவளைக் காத்துவிட்டு, வழக்கில் வென்ற பிறகும் ஊரைவிட்டுப் போனவர் அவர். எனக்கு அந்த ஒரு காட்சி போதும்.

தூரதேசி எழுதியது:

முதல் பதிவில் கடன் வைத்ததை இப்போது தீர்க்கிறேன். ஏடுதேடியின் கேள்விக்கும் இதிலேயே என் பதில் இருக்கிறது.

வாழ்க்கைக் கதை முதலில், அதன் நினைவாகச் சுற்றுவலம் பின்னால் என்றுதான் நாம் எல்லாரும் படிக்கிறோம். காளைகள் உடலைச் சுமந்து போன வழியிலேயே துரோமெனி போகிறது என்பது ஊர்ப் பேச்சு. ஆனால் பாதையில் நடந்து பாருங்கள். கதை பாதைக்குப் பின்னால் ஓடி வருவது தெரியும். ஊரைவிட்டு இறங்கியதும் பாதை தாழ்வான வயல்களுக்குள் போகிறது. அங்கே எந்தச் சாலையும் இல்லை. வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறப்பு வெட்டி, பயிருக்கு நடுவே ஒரு கோடு போல வழி விட்டிருக்கிறார்கள். சோளத்தட்டை இரு பக்கமும் தோளுக்கு உயர்ந்து நின்றது. இலை கன்னத்தில் கீறியது. இந்த வழி பெரு துரோமெனி வாரத்தில் மட்டும் திறக்கும். அது முடிந்ததும் வேலி அடைக்கப்படும். ஆறாண்டுக்கு அங்கே பாதை என்று ஒன்று கிடையாது. நிலத்தின் சொந்தக்காரர் மாறியிருக்கலாம், பயிர் மாறியிருக்கலாம், கோடு மாறவில்லை. வளைந்து போனால் எளிதாக இருக்கும் இடத்திலும் நேராகச் சேற்றுக்குள் இறங்குகிறார்கள்.

பிறகு மலை ஏற்றம். உயரம் 289 மீட்டர்தான் என்றாலும், ஏற்றம் செங்குத்தாக இருப்பதால் மூச்சு வாங்குகிறது. உச்சியின் பெயர் பிளாஸ்-அர்-ஹோர்ன், அதாவது கொம்பின் இடம்; காளையின் கொம்பு விழுந்தது இங்கேதான் என்பார்கள். அங்கே பத்தாவது நிலை. பெரு ஊர்வலத்தன்று திறந்தவெளியில் பிரசங்கம் நடக்கும். மேற்கே துவார்னெனே விரிகுடா முழுவதும் தெரிகிறது. கொம்பு ஏன் இங்கே விழ வேண்டும்? அடி வாங்கியது சலவைத் துறையில்; விழுந்தது மலை உச்சியில். இலத்தீன் கதையாசிரியருக்கு இது ஒரு நிகழ்ச்சி. ஏறி வந்தவனுக்கோ, இந்த உச்சிக்கு ஏற்கெனவே கொம்பு என்ற பெயரும் மதிப்பும் இருந்திருக்க வேண்டும், அதை விளக்கத்தான் ஒரு காளையும் ஒரு கோபக்காரியும் தேவைப்பட்டார்கள் என்று படுகிறது. ஓநாய், பெட்டகம், வெறிநாய் எல்லாம் கெம்பேரில் எழுதிச் சேர்த்திருக்கலாம். கொம்பும் கல் குதிரையும் கெபானின் சிலுவையும் அப்படியல்ல. அவை நிலத்தில் ஊன்றி நிற்கின்றன. ரோனனின் வாழ்க்கையில் எனக்கு உறுதியாகத் தெரியும் பகுதி இந்த 12 கிலோமீட்டர்தான்.

மக்கள் ஏன் இன்னும் நடக்கிறார்கள் என்று ஏடுதேடி கேட்டார். ஊரில் சொல்லும் காரணம் எளிது: உயிரோடு இருக்கும்போது ஒருமுறையாவது துரோமெனி நடக்காதவர், செத்த பிறகு நடக்க வேண்டும், அப்போது ஒவ்வொரு தடவையும் தம் சவப்பெட்டியின் நீளம் அளவே நகர முடியும். முன்னால் சொன்ன அந்த வயதான அம்மாளிடம் இதை நம்புகிறீர்களா என்று கேட்டேன். "கணக்குப் போட்டுப் பார்த்தேன், 12 கிலோமீட்டருக்கு நெடுநாள் ஆகும். அதைவிட இன்றே நடந்துவிடுவது நல்லது" என்று சொல்லிவிட்டு, அடுத்த குடிலில் மணி கேட்கவே, சில்லறையைத் தேடிப் பையைத் துழாவ ஆரம்பித்தார்.

மணிக்கூண்டு எழுதியது:

கொம்பைப் பற்றிய உங்கள் ஊகத்துக்கு என்னிடம் மறுப்பும் இல்லை, ஒப்புதலும் இல்லை. அந்த அம்மாளின் கணக்கு மட்டும் சரி.

வெண்கொக்கு எழுதியது:

நடக்க விரும்புகிறவர்கள் எப்போது போக வேண்டும்? அடுத்தது 2031 என்றால் அதுவரை காத்திருக்க வேண்டுமா?

தூரதேசி எழுதியது:

பெரு துரோமெனிக்கு ஆம், 2031 ஜூலை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஜூலை இரண்டாம் ஞாயிறன்று சிறு துரோமெனி உண்டு. பாதி தூரம்தான், உச்சிக்கும் போகலாம். ஆனால் வயல்வழி திறந்திருக்காது. பெரு துரோமெனியில் நடக்க நினைப்பவர்கள் கூட்டமும் கொடியும் முரசும் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை போகலாம். அமைதி வேண்டுமென்றால் இடைப்பட்ட வாரநாளில், விடிவதற்கு முன்பே புறப்படுவது நல்லது. தனியாக நடப்பவர்கள் பழைய முறைப்படி பேசாமல் நடப்பார்கள். எதிரில் யாராவது வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனால் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலணி பழையதாக இருக்கட்டும். ஜூலையிலும் அந்தத் தாழ்நிலத்தில் சேறு உண்டு.